முசுறுக் கூட்டுக்கு மருந்தடிக்காதீர்கள்

மட்டக்களப்பு வாவியோரத்தில், எழுவான்கரைப் பக்கம் எங்கள் வளவு. இரண்டு மாமரம், ஒரு தேசி, வேலியில் பூவரசு. சிற்றுயிர்களைப் பார்க்க இது போதும். காட்டுக்குப் போகத் தேவையில்லை. உங்கள் வளவிலும் இதெல்லாம் இருக்கும். இருப்பதை மருந்தடித்து அழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெயில் ஏறமுதல் போங்கள். செருப்புப் போடுங்கள். கல்லையும் தென்னோலை மட்டையையும் வெறுங்கையால் புரட்டாதீர்கள். மாரியில் வாவித் தண்ணி ஏறினால் பாம்புகள் மேட்டுக்கு வரும். கண்டதைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அவ்வளவுதான்.

பார்க்கவேண்டியது முசுறை, இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் எறும்பை. அவை ஒன்றின் இடுப்பை மற்றது கவ்விச் சங்கிலியாகி, இலை விளிம்புகளை இழுத்துச் சேர்க்கும். பிறகு சில முசுறுகள் குடம்பிகளை வாயில் தூக்கிவந்து இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாறிமாறித் தொடும். நூல் விடுவது குடம்பிதான். மருதமுனைத் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்.

அந்த வரிசைக்குப் பக்கத்திலே ஒன்று தனியே நடந்தால் காலை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு வேடம் போட்ட சிலந்தி. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி வைத்திருக்கும். கலைத்தால் நூலில் தொங்கும். முசுறு போனால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

எங்கள் வளவில் அழிவு ஒரு பின்னேரத்தில் தொடங்கியது. மாங்காய் ஆயப் போன பிள்ளையை முசுறு கடித்துவிட்டதென்று மச்சான் ஒரு போத்தல் மருந்து வாங்கி வந்தார். வேண்டாமென்று மறித்தேன். "பூச்சி பார்க்கவா மரம் வைச்சிருக்கிறம்?" என்றார். வீட்டில் எல்லாரும் அவர் பக்கம். கூடு கூடாக அடித்தார்கள்.

ஒரு முசுறுக் கூட்டத்துக்குப் பல கூடுகள் இருக்கும். பல மரங்களிலும் பரவியிருக்கும். ஆனால் ராணி பெரும்பாலும் ஒன்றே. அது செத்தால் மிச்சக் கூடுகளும் மெல்ல மெல்ல அழியும். எங்கள் வளவில் அதுதான் நடந்தது. அடுத்த பூக்காலம் மாம்பூ முழுக்கத் தத்துப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் படர்ந்து இலையெல்லாம் கறுத்தது. பூ கருகிக் கொட்டியது. மச்சான் மழையில் பழிபோட்டார். அதே மழைதான் பக்கத்து வளவிலும் பெய்தது; அங்கே முசுறும் இருந்தது, மாங்காயும் இருந்தது.

இது என்னுடைய பிடிவாதம் மட்டுமல்ல. தோடை மரங்களைக் காக்க முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றதைக் கி.பி. 304ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சீன நூலொன்று சொல்கிறது. முசுறு மாவுப்பூச்சியையும் காவல் காக்கும், உண்மைதான். அதற்கு மாவுப்பூச்சி பிடித்த கொப்பை மட்டும் வெட்டுங்கள். காய் ஆயும்போது கைகாலில் சாம்பல் பூசுங்கள், கொக்கத்தடி பாவியுங்கள், பிள்ளைகளை மரத்தில் ஏற்றாதீர்கள். கடித்தாலும் அந்த எரிவு கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும்.

முசுறு உள்ள மரத்துக்கு மருந்தடிக்க யார் வந்தாலும் மறியுங்கள். வந்தவர் வீட்டுக்கு மூத்தவராக இருந்தாலும் விடாதீர்கள்.