வெண்மணிகள் வந்த வழி

வேளிக் கடற்கரையில் ஜவ்வரிசி போன்ற வெண்மணிகளும் பிளாஸ்டிக் புட்டிகளும் ஒதுங்குகின்றனவே, எங்கிருந்து வருகின்றன?
– ஒரு வாசகி, திருவனந்தபுரம்

பாயசம் வைத்துவிடாதீர்கள், அம்மணி! 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பெட்டகங்களினின்று சிதறி, பருவமழைக் காலத்தில் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தின் வசப்பட்டு, சில தினங்களுக்குள் தங்கள் ஜில்லாவை வந்தடைந்த பிளாஸ்டிக் மூலப்பொருளே அம்மணிகள். புட்டிகளின் பூர்வீகமோ பெரும்பாலும் நகரமேதான்: தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியிற் செல்லும் ஆமயிழஞ்சான் ஓடை சுமந்துவரும் குப்பை, ஆக்குளம் காயலைச் சேர்ந்து, காயலைக் கடலினின்று பிரிக்கும் மணல்திட்டாகிய வேளிப் பொழி திறக்கும்போது சமுத்திரப் பிரவேசம் செய்து, அலைகளால் கரைக்கே திருப்பப்படுகிறது. மணலை வாளி நீரிலிட்டால் மணிகள் மிதக்கும், வடித்தெடுக்கலாம். வீட்டுப் புட்டிகளை ஓடைக்கு அனுப்பாமல் வீடு தேடிவந்து கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் ஒப்படைப்பதே உத்தமம்.