திரை இருண்டால் கணக்கு அழிந்ததா?

 

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது மார்க்கத்தில் எவ்வளவு முக்கியமானது என்பதை நாமெல்லோரும் அறிவோம். குர்ஆன் ஷரீபிலுள்ள ஆயத்துகளில் மிக நீளமானது சூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து. அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆகவே கடைக்காரனுடைய கணக்கு வெறும் காகிதமன்று. அது ஓர் அமானத்து.

பேராக் ரப்பர் தோட்டங்களில் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள் அந்த அமானத்தைச் சின்னஞ்சிறு 555 புத்தகத்தில் காத்து வந்தார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயத்து ஜனங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்து குடியேறிய பின்னர், கணக்கும் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது. புத்தகத்துக்குக் கறையான் பயம். கம்ப்யூட்டருக்கோ வேறு பயம். அந்தப் பயத்தில் ஒன்றைப் பற்றியே இந்தப் பாடம்.

2024-ஆம் வருஷம், ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, நமது கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். “மாமா, அத்தா மவுத்தாகி இன்றோடு ஐந்து நாள். உங்களுக்கு அவர் எவ்வளவு பாக்கி தர வேண்டும்? சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் அடைத்துவிட வேண்டும்” என்றார். மய்யித்தின் கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நாம் மத்ரஸாவில் ஓதிய சட்டம். பிள்ளை சரியாகத்தான் கேட்டார். நாம் கணக்கைத் திறந்தோம். விண்டோஸின் அடையாளம் ஒரு கணம் தோன்றியது. பிறகு திரை முழுவதும் கறுத்துவிட்டது.

பழுது பார்ப்பவர் ஒருவரை டெலிபோனில் அழைத்தோம். “பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், அரை மணி நேரத்தில் முடியும்” என்றார். வெட்கத்தினாலும் அவசரத்தினாலும் நாமும் சம்மதிக்கும் நிலையில் இருந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான். அன்று சம்மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை முடிவில் சொல்லுவோம்.

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

நமது கணக்குப் புரோகிராம் பழையது. விண்டோஸ் 7-இல் மட்டுமே ஓடக் கூடியது. விண்டோஸ் 7-க்குக் கம்பெனியின் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழைய கம்ப்யூட்டரை அப்படியே புதியதற்குள் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டராக அமைத்துக்கொண்டோம். இதற்கு வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். இது நேற்று முளைத்த யோசனையன்று. ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே தனது பெரிய இயந்திரங்களுக்கு இத்தகைய ஏற்பாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நாம் உபயோகிப்பது வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவசப் புரோகிராம். 2007-இல் ஒரு ஜெர்மன் கம்பெனி வெளியிட்டது. 2010 முதல் ஆரக்கிள் கம்பெனியிடம் இருந்து வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த உள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் என்பது வெளிக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பெரிய கோப்புத்தான். கணக்கு அந்தக் கோப்புக்குள் இருக்கிறது. திரையோ அதைக் காட்டும் விளக்கு மாத்திரமே. விளக்கு அணைந்தால் பெட்டியிலுள்ள பணம் காணாமற்போவதில்லை.

கங்காணியும் கிராணியும்

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் அல்லர். ஒரு புரோகிராம் சொல்வதைக் கருவிக்கு எடுத்துச் சொல்லும் தூதர். தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால்மரம் வெட்டுபவர் தமது குறையைக் கங்காணியிடம் சொல்லுவார். கங்காணி கிராணியிடம் சொல்லுவார். கிராணி துரையிடம் சொல்லுவார். அவ்வாறே, உள்ளே ஓடும் கணக்குப் புரோகிராம் படம் வரையும்படி உள் டிரைவரைக் கேட்கிறது. இவர் கங்காணி, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற தொகுப்போடு வருபவர். அவர் வேலையை வெளிக் கம்ப்யூட்டரின் டிரைவரிடம் தருகிறார். இவர் கிராணி. கடைசியில் வேலை கிராபிக்ஸ் கார்டாகிய துரையிடம் சேருகிறது.

வேலை நின்றுவிட்டால், தடுக்கியவர் கங்காணியா, கிராணியா என்று முதலில் அறிய வேண்டும். உள் கம்ப்யூட்டரின் சன்னல் மட்டும் கறுத்து மற்றவையெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் கோளாறு உள் டிரைவரிடம். மானிட்டர் முழுவதுமே ஒரு நொடி கறுத்துத் திரும்பினால் கோளாறு வெளி டிரைவரிடம். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். அந்தச் செய்தியை ஈவண்ட் வியூவர் என்னும் பதிவேட்டில் 4101 என்ற எண்ணின் கீழ் எழுதியும் வைக்கும்.

வரிசை தவறலாகாது

ஒளுவில் தர்தீப் என்னும் வரிசை ஷாபிஈ மத்ஹபில் பர்ளு. இந்தக் காரியத்திலும் வரிசையே பிரதானம். நாம் கடையடைத்த பின் சில இரவுகள் உட்கார்ந்து கற்ற வரிசை இது.

முதலாவது, உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். திரை கறுத்தவுடன் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். வலப்பக்கத்து கண்ட்ரோல் பொத்தானையும் எச் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால், ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி உள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போகும். சற்று நேரத்தில் அது தானே மூடிக்கொண்டால், உள்ளே எல்லாம் உயிரோடு இருக்கிறது, கண் மட்டுமே மறைந்தது என்று அர்த்தம்.

இரண்டாவது, பிரதி எடுங்கள். மூடிய பின், அந்த மெஷின் இருக்கும் முழு அடைவையும் வேறொரு வெளி டிஸ்க்குக்கு நகல் செய்யுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோமே என்று திருப்தியடைய வேண்டாம். அது அதே டிஸ்க்கில், அதே கோப்பை நம்பி இருப்பது. வீடு எரிந்தால் வீட்டுக்குள்ளிருக்கும் நகலும் எரியும்.

மூன்றாவது, வேலையைக் குறையுங்கள். மெஷினின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே என்ற பகுதியில் 3டி ஆக்செலரேஷன் என்ற கட்டத்தில் உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இது விளையாட்டுக்கும் அலங்காரத்துக்கும் வேண்டியது. அரிசி பருப்புக் கணக்குக்கு வேண்டியதன்று. இதை நிறுத்தினால் வரையும் வேலை கார்டுக்குப் போகாது, செயலியே வரைந்துகொள்ளும். கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். ஆனால் தடுக்கி விழும் இடங்கள் குறைந்துவிடும். அதே பகுதியில் கிராபிக்ஸ் கண்ட்ரோலர் என்ற இடத்தில், விண்டோஸ் 7-க்கும் அதற்குப் பிந்தியவைகளுக்கும் விபாக்ஸ் எஸ்.வி.ஜி.ஏ. என்பது பொருந்தும், லினக்ஸுக்கு வி.எம். எஸ்.வி.ஜி.ஏ. பொருந்தும். வீடியோ மெமரி 128 மெகாபைட் வைத்தால் கணக்கு வேலைக்குத் தாராளம்.

நான்காவது, கங்காணியைப் புதுப்பியுங்கள். வர்ச்சுவல்பாக்ஸின் படம் வரையும் முறை 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலும், 2022 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பிலும் பெரிதும் மாறியது. வெளியே புதிய பதிப்பும் உள்ளே பழைய கெஸ்ட் அடிஷன்ஸும் இருந்தால் ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாமற் போகலாம். திரை வந்தபின் பழையதை நீக்கி, பதிப்புக்கு ஏற்றதைப் போடுங்கள். திரை வராவிட்டால், உள் கம்ப்யூட்டர் கிளம்பும்போது எப்8 பொத்தானை அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து பழையதை நீக்கலாம்.

ஐந்தாவதுதான் கிராணி. வெளிக் கம்ப்யூட்டரின் டிரைவர் சமீபத்தில் மாறியதிலிருந்து தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் என்பதைக் கொண்டு முந்தியதற்குத் திரும்பலாம். அல்லது கார்டு செய்த கம்பெனியின் புதிய டிரைவரைப் போடலாம்.

இவற்றில் ஒவ்வொன்றாக மாத்திரமே மாற்றிப் பாருங்கள். மாற்றியதைக் காகிதத்தில் குறித்து வையுங்கள். நாம் ஓதும்போது பிழை வந்தால், உஸ்தாது அவர்கள் பிழைத்த சொல்லிலே நிறுத்தித் திருத்துவார்களேயன்றி, கிதாபைத் தூக்கி எறியச் சொன்னதில்லை. ஒரே சமயத்தில் நான்கை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. மறுபடி கெட்டால் மறுபடி திண்டாட்டந்தான்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மெஷினை நீக்கச் சொன்னால் வர்ச்சுவல்பாக்ஸ் இரண்டு வழி காட்டும். ஒன்று, பட்டியலிலிருந்து பெயரை மட்டும் எடுப்பது. மற்றொன்று, எல்லாக் கோப்புகளையும் அழிப்பது. இரண்டாவதை அழுத்தினால் கணக்கும் அத்துடன் போய்விடும்.

அன்று நடந்தது

நமக்கு நேர்ந்த கோளாறு நான்காவது வகை. மகன் வர்ச்சுவல்பாக்ஸை 7-ஆம் பதிப்புக்கு மாற்றியிருந்தான். உள்ளே பழைய கெஸ்ட் அடிஷன்ஸ் இருந்தது. பழுது பார்ப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இளைஞரிடம் இரண்டு நாள் தவணை கேட்டோம். முதலில் நகல் எடுத்தோம். பிறகு 3டி அடையாளத்தை எடுத்தோம். திரை வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பெரியவரின் பக்கத்தைத் திறந்தோம். பாக்கி ஒன்றுமில்லை. பெருநாளுக்கு முன் முன்பணமாகக் கொடுத்ததில் மிச்சமாக, அவருக்கு நாம் தர வேண்டியது 46 வெள்ளி 50 காசு என்றிருந்தது. கடன்பட்டவர் அவரல்லர், நாம். அன்று கணக்கை அழித்திருந்தால், ஒரு மய்யித்தின் பணம் நம் கழுத்தில் தங்கியிருக்கும், நமக்கே தெரிந்திராது. பிள்ளையை அழைத்து, பக்கத்தைக் காட்டி, காசை எண்ணிக் கொடுத்தோம்.

அன்று முதல் மாதந்தோறும் கணக்கை அச்சிட்டுக் காகிதத்திலும் வைக்கிறோம். வருமான வரிச் சட்டமும் கணக்குகளை 7 ஆண்டு பாதுகாக்கச் சொல்லுகிறது. ஆதரவு நின்றுபோன விண்டோஸ் 7-க்கு இன்டர்நெட் தொடர்பையும் துண்டித்துவிட்டோம்.

சகோதரர்களே! உங்கள் கடையிலோ, சங்கத்தின் சந்தாக் கணக்கிலோ, ஜகாத்துக் கணக்கிலோ ஒரு நாள் திரை இருளலாம். இருண்டது திரை மாத்திரமே என்பதை நினைவில் வையுங்கள். நகல் எடுக்கும் வரையில் ஒன்றையும் அழிக்காதீர்கள். பிறர் ஹக்கை நம்மிடமிருந்து மறைத்துவிடாமல் அல்லாஹ் நம்மனைவரையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.