ஆயிரத்தைத் தாண்டாத பாட்டு

கேள்வி: இணையத்தில் பாட்டு வெளியிடும் தனிக் கலைஞர்களுக்குக் காசு சேருவதில்லையே, ஏன்? (வாசகர், பண்டத்தரிப்பு)

பதில்: ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்ற நிலையான விலை இணையத்தில் பாட்டு கேட்க உதவும் சேவைகளில் கிடையாது. அவற்றில் ஒன்றான ஸ்பொட்டிஃபை தன் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. அந்தத் தொகை, மொத்தக் கேட்பில் ஒவ்வொருவருக்கும் உள்ள வீதப்படி பிரிகிறது. பண்டத்தரிப்பில் ஒருவர் மாதம் முழுக்க ஊர்ப் பாடகர் ஒருவரையே கேட்டாலும், அவர் கட்டிய சந்தா நேரே அந்தப் பாடகரிடம் போகாது. பெரும்பங்கு அதிகம் கேட்கப்படும் சினிமாப் பாட்டுக்கே சேரும்.

2024 முதல் ஸ்பொட்டிஃபையில் இன்னொரு வாசற்படியும் உண்டு: முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் இல்லை. தனிக் கலைஞர் பாட்டை ஏற்ற இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணமோ பங்கோ கொடுக்கவேண்டும். பதிவுக்கூடச் செலவு வேறு. கேட்பவர் ரொறன்ரோவில் இருந்தால் வரவு சற்றுக் கூடும், அங்கே சந்தா அதிகம் என்பதால்.

சேவைகளின் பாடும் திண்டாட்டந்தான். 2008இல் தொடங்கிய ஸ்பொட்டிஃபை முழு ஆண்டு இலாபம் கண்டது 2024இல்தான். இந்தியாவில் கானா என்ற பாட்டுச் சேவை 2022இல் இலவசச் சேவையைக் கைவிட்டது. ரெஸ்ஸோ என்ற இன்னொரு சேவை அங்கே 2024 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டில் விங்க் என்ற சேவையை மூடும் அறிவிப்பும் வந்தது.

பாட்டு பெருவெற்றி பெற்றாலும் கணக்கு தெளிவாவதில்லை. 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டால் தமக்கு வருமானம் வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார்; வெளியிட்ட மாஜா நிறுவனம் அதை மறுத்தது.