ருசித்தவன் நிதானிப்பான்

வேதபாடம்: சங்கீதம் 34:8, எபிரெயர் 6:4-6



இந்த மாத தியானத்துக்கு ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்வோம்: ருசி. சாப்பாட்டிலும் இந்த வார்த்தை வருகிறது, சாட்சியிலும் வருகிறது. "இன்னைக்கு ஆராதனையில தேவ பிரசன்னத்தை ருசிச்சேன் பாஸ்டர்" என்று விசுவாசிகள் சொல்லும்போது என் உள்ளம் களிகூருகிறது. ஆனாலும் வேதம் இந்த வார்த்தைக்குள் அந்தச் சந்தோஷத்தைவிட அதிகமாய் வைத்திருக்கிறது. வேதாகமத்தைத் திறந்துவைத்து, வசனங்களை எடுத்துப் பார்த்தபடியே வாசியுங்கள்.

1. நாவின் ருசி

பழைய ஏற்பாட்டில் ருசிக்கு வரும் எபிரெய வார்த்தை 'தாஅம்'. மன்னாவின் ருசி தேன் சேர்த்த பணியாரம் போன்றது என்று யாத்திராகமம் 16:31 சொல்லும்போது இந்த வார்த்தைதான். 1 சாமுவேல் 14-ல் யோனத்தான் கோலின் நுனியால் தேனைத் தொட்டு ருசித்ததற்கும் இதே வார்த்தைதான். யுத்தத்தில் களைத்துப்போயிருந்தவன் கொஞ்சம் தேனைத்தான் ருசித்தான், கண்கள் தெளிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் தேனைக் கண்டார்கள். ராஜாவின் ஆணைக்குப் பயந்து வாயில் வைக்கவில்லை, களைப்பும் போகவில்லை. தேனைப் பார்த்தவனுக்கு அல்ல, ருசித்தவனுக்கே தெளிவு வந்தது.

2. புத்தியின் ருசி

இங்கேதான் ஒரு ஆச்சரியம். இதே 'தாஅம்' என்ற வார்த்தை விவேகத்துக்கும் நிதானத்துக்கும் வருகிறது. சங்கீதம் 119:66-ல் சங்கீதக்காரன் தனக்குப் போதிக்கும்படி கேட்கும் நல்ல நிதானம், மூலபாஷையில் நல்ல 'ருசி'. 1 சாமுவேல் 25:33-ல் தாவீது ஸ்தோத்திரித்த அபிகாயிலின் யோசனையும் இதுதான். நீதிமொழிகள் 11:22-ல் அழகிருந்தும் மதியில்லாதவளுக்கு இல்லாமற்போனதும் இதுதான்.

யோனா 3:7-ஐப் பாருங்கள். நினிவேயின் ராஜா ஒரு கட்டளை போடுகிறான். மனுஷரும் மிருகங்களும் ஒன்றும் ருசிபார்க்கக்கூடாது என்கிறான். அந்தக் 'கட்டளை'யும் 'தாஅம்', 'ருசிபார்ப்பதும்' 'தாஅம்'. ஒரே வசனத்தில் இரண்டு அர்த்தம்!

நாவுக்கும் நியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? நம் வீட்டு அடுப்படிக்குப் போனால் விளங்கிவிடும். குழம்பு கொதிக்கும்போது அம்மா கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு "உப்பு பார்க்கிறார்கள்". அது பசிக்குச் சாப்பிடுவது அல்ல, தீர்ப்பு சொல்வது. உப்பு கூடவா, புளி பத்தலையா என்று அந்த நாக்கு ஒரு நொடியில் நிதானிக்கிறது. வாய் உணவை ருசிபார்ப்பதுபோல செவி வார்த்தைகளைச் சோதிக்கவேண்டும் என்று யோபு 12:11 காட்டுவது இதைத்தான்.

3. தாவீது கற்ற ருசி

சங்கீதம் 34-ன் தலைப்பை நாம் பெரும்பாலும் தாண்டிப்போய்விடுகிறோம். தாவீது காத் ஊர் ராஜாவுக்குப் பயந்து, பித்தனைப்போல் நடித்து, தாடியில் வாய்நீர் ஒழுகவிட்ட நாளோடு அந்தச் சங்கீதம் சேர்ந்தது (1 சாமுவேல் 21:13). அவன் தன் புத்தியை மாற்றிக்காட்டினான் என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது 'தாஅம்'! அதே சங்கீதத்தின் 8-ம் வசனத்தில் கர்த்தர் நல்லவர் என்று ருசித்துப் பார்க்க நம்மை அழைக்கிறான். செழிப்பான நாளில் அல்ல. மானமும் மதிப்பும் போன நாளில் கர்த்தர் நல்லவரென்று கண்டுகொண்டவன் பேசுகிறான்.

4. ருசித்தும் விழுந்தவர்கள்

புதிய ஏற்பாட்டில் கிரேக்க வார்த்தை 'கெயுஒமாய்'. எபிரெயர் 6:4-6, பரம ஈவையும் தேவனுடைய நல்ல வார்த்தையையும் ருசிபார்த்தபின் மறுதலித்துப்போகிறவர்களைப்பற்றி எச்சரிக்கிறது. வீட்டுக் கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்டார்: "அவங்க நுனிநாக்குல தொட்டுப் பார்த்தவங்கதானே பாஸ்டர்? மத்தேயு 27:34-ல ஆண்டவரே காடியை ருசிபார்த்துட்டுக் குடிக்கலையே?" நல்ல கேள்வி. வார்த்தை மட்டும் அளவைச் சொல்லாது, இடம்தான் சொல்லும். இதே நிருபம் 2:9-ல் இயேசு ஒவ்வொருவருக்காகவும் மரணத்தை ருசிபார்த்ததாகச் சொல்கிறது. அவர் மரணத்தை நுனிநாக்கிலா தொட்டார்? இல்லை, முழுவதும் சகித்தார்! ஆகவே 6-ம் அதிகாரத்து எச்சரிப்பு மெய்யாய் ருசித்தவர்களுக்கும், எனக்கும் உங்களுக்கும் உரியது என்றே நான் விசுவாசிக்கிறேன். நேற்றைய அபிஷேகத்தை நம்பி இன்று ஜெபமில்லாமல் வாழ முடியாது.

5. நம் ருசி எப்படி இருக்கிறது?

2020, 2021 வருஷங்களில் கொரோனா வந்த அநேகருக்கு ருசியே தெரியாமல் போனது. அதே வீடு, அதே ரசம். ரசம் மாறவில்லை, நாக்குதான் வியாதிப்பட்டிருந்தது. வேதம் சப்பென்று இருக்கிறதா? ஜெபத்தில் உட்கார முடியவில்லையா? வேதத்தின்மேல் குறைசொல்லாதிருங்கள், உள்ளத்தின் சுகத்தைக் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கைத்தட்டலும் கண்ணீரும் உள்ள கூட்டமெல்லாம் இனிப்பாய்த்தான் இருக்கும். ஆனால் அங்கே சொல்லப்பட்டது வசனமா, மனுஷனுடைய கற்பனையா என்று உப்பு பார்த்தீர்களா? ஆவியானவர் தரும் ருசி பரவசத்தோடு நின்றுவிடாது, நிதானத்தையும் கொடுக்கும்.

இந்த வாரம் முழங்காலில் நின்று மூன்று காரியங்களை ஆராய்ந்து பாருங்கள்:

அ) கர்த்தர் நல்லவர் என்பது நான் கேட்ட சாட்சியா, நானே ருசித்ததா?

ஆ) முன்பு தித்தித்த வசனம் இப்போது கசக்கிறதா? எந்த நாளிலிருந்து?

இ) கேட்கிற பிரசங்கத்தை வேதத்தோடு ஒப்பிட்டு நிதானிக்கிறேனா?

தாய் ருசித்தால் பிள்ளைக்கு ருசி தெரியாது. பாஸ்டர் ருசித்தால் சபைக்கு ருசி தெரியாது. ஒவ்வொருவரும் தாமே ருசிக்கவேண்டும். எழுப்புதல் அங்கேதான் ஆரம்பிக்கும். கர்த்தர்தாமே உங்களுக்கு அந்த ருசியையும் நிதானத்தையும் தந்தருள்வாராக. ஆமென். மாரநாதா!