போகிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்வோம்: எது நம் வேலை, எதற்கு ஆள் வேண்டும்?

மார்கழி பாதி கழிந்ததும் கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். பரணிலிருந்து அண்டா, குண்டான், பழைய பாய், பஞ்சு பிதுங்கிய தலையணை எல்லாம் திண்ணைக்கு இறங்கும். போகிக்குள் வீட்டைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். வேலையைத் தொடங்குமுன் கணவனும் மனைவியும் ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். எதை நாமே செய்வது? எதற்குக் காசு கொடுத்து ஆள் கூப்பிடுவது? காசை மிச்சம் பிடிக்கக் கூடாத வேலைகள் சில உண்டு.

முதலில் வீட்டுக்குள் வேலை. "பொங்கல் வேலைன்னா அது பொம்பளைங்க பாடு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிற கணவர்மார் இன்னும் இருக்கிறார்கள். பரண் ஏறுவது, அண்டா இறக்குவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் கணவர் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி கர்ப்பிணி என்றால் பேச்சே வேண்டாம். ஏணி, முக்காலி, கனத்த பாத்திரம் எதுவும் அவருக்கு ஆகாது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒரு வாரத்துக்காவது பாரம் தூக்கக் கூடாது. ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமிக்கும் இதே கணக்குத்தான். ஆபரேஷன் செய்துகொண்டவர் யாரோ, அவர் திண்ணையில் உட்கார்ந்து வேண்டிய சாமான், வேண்டாத சாமான் என்று பிரித்துக் கொடுக்கட்டும், மற்றவர் தூக்கட்டும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் எண்ணெய், தாய்ப்பால் என்று கைவைத்தியம் பார்க்காமல் நல்ல தண்ணீரை கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கக்கூஸ் கழுவுகிறபோது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். "ரெண்டும் போட்டா டபுள் சுத்தம்" என்பது தப்பான கணக்கு.

வருஷத்துக்கு ஒரு தடவை செய்தால் போதாத வேலை ஒன்றும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. நாம் குடிக்கப் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரியம். தொட்டி, ட்ரம், புழக்கத்தில் இல்லாத ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, கொல்லையில் கிடக்கும் டயர் எல்லாம் அதற்குப் பிரசவ அறை. முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு நாள், செவ்வாயோ வெள்ளியோ, நாள் குறித்து வைத்துத் தேய்த்துவிட்டால் கொசு முந்த முடியாது.

இனி கொல்லைப்புறம். விறகு அடுக்கு, ஓடு, செங்கல் குவியல் இவற்றைக் கையை விட்டு அள்ளாதீர்கள். நீளமான கம்பால் தட்டிக் கலைத்துவிட்டு எடுங்கள். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், பிளேடால் கீறுவதும், மந்திரிக்கப் போவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம். பனைமரத்திலோ கூரை விளிம்பிலோ கதண்டுக் கூடு இருந்தால் பந்தம் கொளுத்திக்கொண்டு ஏறாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101க்குச் சொன்னால் வந்து அழிப்பார்கள்.

கிணறு தூர் எடுப்பது வீட்டாள் வேலை அல்ல, பழகிய ஆட்கள் வேலை. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும். மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு இருக்காது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது நிச்சயம். ஆனால் அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டாது. தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, இறங்கியவர் கண்ணைச் சொருகிக்கொண்டு விழுந்துவிடுவார். தூர் எடுத்து முடித்த பின் குளோரின் போட ஊர்ப் பகுதி சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் இரண்டரை கிராம் கணக்கு. போட்டு ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீர் எடுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

"ஏங்க, கக்கூஸ் தொட்டி நிரம்பி வழியுது. விருந்தாளிங்க வர்ற நேரம்."

"வண்டிக்கு யாரு குடுக்கிறது? ஆளு ஒருத்தனைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னா பாதிக் காசுல முடியும். இல்லேன்னா நானே எறங்கிடறேன்."

இந்தப் பேச்சு உங்கள் வீட்டில் நடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல நாறும். அதிகமாகிவிட்டாலோ மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இப்ப எறங்கலாம்" என்று நினைத்தவர் இரண்டு மூச்சில் சாய்ந்துவிடுவார். மூடியை ராத்திரி முழுக்கத் திறந்துவைத்தாலும் பயனில்லை; அடியில் இருக்கும் கசடைக் கிளறும்போதுதான் வாயு பொங்கிக் கிளம்பும். தொட்டியில் மீத்தேனும் இருக்கும், அது தீப்பற்றும். ஆகவே இங்கே விளக்கு, தீக்குச்சி, பீடி எதுவும் ஆகாது. புதிதாகக் கட்டி, மலமே விழாத தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்களும் மாண்டிருக்கிறார்கள். மூடிய தொட்டிக்குள் ஈரப்பலகை அழுகும்போது பிராணவாயு தீர்ந்துபோகிறது.

ஒருவர் விழுந்ததும் தூக்கிவிட இன்னொருவர் குதிப்பார். அவரும் விழுவார். அண்ணன் பின்னே தம்பி, அப்பா பின்னே மகன் என்று ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணம் விழுவது இப்படித்தான். யாராவது விழுந்துவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே நில்லுங்கள். 101க்கும் 108க்கும் சொல்லுங்கள். மூச்சுக் கருவி மாட்டியவர் மட்டுமே உள்ளே போகலாம்.

நீங்கள் இறங்காமல் இன்னொருவரை இறக்கினாலும் விஷயம் ஒன்றுதான். காலங்காலமாக இந்த வேலைக்கென்று ஒரு தெருவை ஒதுக்கிவைத்து ஆள் அனுப்பச் சொன்னது நம் ஊர்களின் வெட்கம். வருகிறவரும் ஒரு பெண்ணுக்குக் கணவர், ஒரு பிள்ளைக்குத் தகப்பன். பாதுகாப்புச் சாதனம் தராமல் செப்டிக் டேங்கைக் கையால் சுத்தம் செய்ய ஆள் வைப்பதை 2013ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

அதனால் குழாய் விட்டு உறிஞ்சுகிற வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் அனுமதி பெற்ற வண்டி இருக்கிறது என்று சொல்வார்கள். உறிஞ்சியதை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டுகிற வண்டிக்கு "மலிவா வருதே" என்று இடம் கொடுக்காதீர்கள். அந்தத் தண்ணீர் சுற்றி நம் குழாய்க்கே வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் தொட்டி வழியாது. வண்டிச் செலவு பெரிதாகத் தெரிகிறதா? மகளிர் குழுச் சீட்டு மாதிரி மாதா மாதம் கொஞ்சம் தனியே எடுத்துவைத்தால் தவணை வரும்போது கை கடிக்காது.

உங்கள் வீட்டில் இருப்பது இரட்டைக் குழிக் கக்கூஸ் என்றால் வண்டியே வேண்டாம். ஒரு குழி நிரம்பியதும் நடுத்தொட்டியில் வழியை அடுத்த குழிக்குத் திருப்பிவிடுங்கள். நிரம்பிய குழியை ஒன்றரை வருஷம் தொடாமல் விட்டால் உலர்ந்து மண் போல உதிரும் எருவாகிவிடும். மழைத் தண்ணீர் புகுந்து ஈரமாக இருந்தால் இன்னும் சில மாதம் பொறுங்கள்.

வண்டிக்கு மார்கழி முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள். பண்டிகை நெருக்கத்தில் கிடைக்காமல் போனால், விருந்தாளிகளைப் பக்கத்து வீட்டுக் கக்கூஸுக்கு அனுப்புங்கள். தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டாம்.