குடியை விட்டவனின் மாலை நேரம்

குடியை நிறுத்தியவனுக்கு ஊரே சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "காலையில எந்திரிச்சு நாலு சுத்து நடங்க, எல்லாம் சரியாயிடும்." நடப்பது நல்லதுதான், ஆனால் அந்த நேரம் எங்களுக்குச் சரிப்படாது. மும்பை விக்ரோலியின் பார்க்சைட் மலைச்சரிவில் குடியிருக்கும் எங்களில் பலர் காலையில் குடித்தவர்கள் அல்லர். காலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், டப்பாவைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். குடியை நினைக்கவே நேரம் இருக்காது. எங்களைக் கவிழ்த்தது சாயங்காலம் 7 மணிதான். ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து வீட்டு வாசல் வரைக்குமான அந்த இடைவெளியில்தான் வருஷக்கணக்காகக் குடித்தோம். அதனால் உடற்பயிற்சியையும் அங்கேதான் வைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் கற்றதில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களுக்குப் போகிறவன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஆரம்பித்ததிலிருந்து வளர்ந்த இயக்கம் அது. பெயர் சொல்லாமல் பேசுவது அதன் மரபு, ஆகவே இங்கேயும் என் பெயர் இல்லை. உடற்பயிற்சியைப் பற்றி நான் எழுதுவது, கூட்டத்துக்கோ மருத்துவத்துக்கோ மாற்றாக அதை நினைத்து அல்ல. அவை இரண்டும் செய்ய முடியாத ஒரு சின்ன வேலையை அது செய்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகக்கூடிய கட்டம் அது. அப்போது வேண்டியது டாக்டரும் மருந்தும். பி1 வைட்டமின் ஊசியைக்கூட டாக்டர் சொன்னபடிதான் போட வேண்டும். "வேர்க்க விறுவிறுக்க ஓடினா உள்ள இருக்கிற விஷம் இறங்கிரும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உள்ளே போன சாராயத்தில் பெரும்பங்கைச் சிதைப்பது கல்லீரல், வியர்வை வழியே போவது சொற்பம். பல வருஷக் குடியால் இதயத் தசை பலவீனமாகியிருக்கலாம், துடிப்பின் தாளம் தவறலாம். ஈ.சி.ஜி. எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் நடைக்கு வர வேண்டும். சாயங்காலம் சேர்ந்து நடக்கும் எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி அந்த 7 மணி. விக்ரோலியில் ஸ்லோ வண்டி மட்டும்தான் நிற்கும். தாதரில் ஏறுகிறவன் அரை மணி நேரம்போல அடுத்தவன் வியர்வையில் நின்றபடி வந்து, மேற்குப் பக்கம் இறங்கும்போது பசி, களைப்பு, காலையில் முதலாளி சொன்ன வார்த்தை எல்லாம் கூடவே இறங்கும். எங்கள் கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலைச் சொல்வார்கள், குடி நினைப்பை இழுத்து வருபவை. அந்த நாலும் ஒன்றாக நிற்கும் இடம் விக்ரோலி ஸ்டேஷன் வாசல். வைன் ஷாப் கவுன்ட்டரில் கம்பிக்கு உள்ளே நீளும் கைகளைப் பார்த்தாலே என் நாக்கில் எச்சில் ஊறும். நிறுத்தி எத்தனையோ மாதங்கள் ஆன பிறகும் ஊறியது. மனம் பலவீனமானதால் அப்படி ஆவதில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது கிடைக்கும் என்று உடம்பு கற்றுவைத்திருக்கிறது. அதே நேரத்தில் வேறொன்றைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதையும் அது கற்றுக்கொள்ளும்.

பயம் இந்த வேலையைச் செய்யாது. 2004 டிசம்பரில் இதே விக்ரோலியில் விஷச்சாராயம் குடித்து 80 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் 100 பேருக்கு மேல். மெத்தனால் கலந்த சரக்கு. அந்தச் சாவுகளைப் பார்த்து எங்கள் பக்கத்தில் குடியை விட்டவர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் "நாம ஹாத்பட்டி நாட்டுச்சாராயம் குடிக்கிறதில்லையே, சீல் வச்ச பாட்டில்தானே" என்று அவர்களில் பலரும் திரும்பிப் போனார்கள். பயம் இருந்தது, ஆனால் 7 மணிக்குச் செய்ய அவர்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் செய்வது இதுதான். வேலைக்குப் போகும் பையிலேயே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ. வண்டி ஏறும் முன்பே வயிற்றுக்கு ஏதாவது: ஒரு வாழைப்பழம், ஒரு பொட்டலம் வறுத்த கடலை, முடிந்தால் இரண்டு இட்லி. குடியை விட்ட ஆரம்ப மாதங்களில் பசியையும் குடி வெறியையும் பிரித்து அறிய முடியாது, இரண்டும் வயிற்றின் ஒரே இடத்தில் பிசையும். சாப்பிட்டு அடங்கினால் அது பசி. ஸ்டேஷனில் இரண்டு மூன்று பேர் சேர்ந்ததும் கடைப்பக்கம் போகாத வழியாக நடை. எல்.பி.எஸ். மார்க்கைக் கடந்து, பார்க்சைட் ஏற்றத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி அவரவர் சாலுக்கு, அதாவது வரிசைக் குடியிருப்புக்கு. அரை மணி நேரம் ஆகும். வாரத்தில் ஐந்து நாள் இப்படி நடந்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடுகிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவு வேகம் போதும்.

அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. குடிக்க வேண்டும் என்கிற வெறி ஏறிக்கொண்டே போகாது. உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். அந்த நேரத்தை நின்ற இடத்தில் கழிப்பது கொடுமை, கால் நடந்துகொண்டிருந்தால் கழிந்துவிடும். புகைப்பவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், சில நிமிடம் வேகமாக நடந்தாலே புகைக்கும் வேட்கை அப்போதைக்குக் குறைவது தெரிந்திருக்கிறது. குடிநோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உடற்பயிற்சியால் உடல் தகுதி கூடுகிறது, மனச்சோர்வு குறைகிறது என்கிறார்கள். குடியின் அளவு குறைகிறது என்று அவர்களால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் "நான்தான் தினமும் நடக்கிறேனே" என்று கூட்டத்தையும் மருந்தையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நடை அந்த அரை மணி நேரத்தைக் கடத்திவிடும். ஏன் குடித்தோம் என்பதை வேறு இடத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்டநாள் குடி நரம்பைக் கெடுக்கும். பாதம் எரியும் அல்லது மரத்துப்போகும். எங்களோடு வந்த ஓர் அண்ணாச்சிக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ரத்தமாகியிருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டில் அவர் மகள்தான் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து நடை முடிந்ததும் எல்லாரும் ஷூவைக் கழற்றி, உள்ளங்காலைத் திருப்பி, விரல் இடுக்கு வரை பார்க்கிறோம். தள்ளாட்டம் இருப்பவர்களை ஏற்றத்தில் விடுவதில்லை, சமதரையில் ஒருவர் கைபிடித்து நடத்துவோம். சிறுமூளை பாதித்தவர்களுக்கு நிறுத்திய பின்னும் அந்தத் தள்ளாட்டம் இருக்கும். "இன்னும் குடிக்கான் போல" என்று தெருவில் யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் மனம் அதோடு உடைந்துபோகும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயங்காலம் தாமதமாக வரும் புருஷனை எந்த மனைவி நம்புவாள்? "நடந்துட்டு வாரேன்" என்று நான் சொன்னபோது என் மனைவி பதில் பேசவில்லை. மறுநாள் ஸ்டேஷன் படிக்கட்டில் மகன் நின்றான். "அம்மா உங்ககூட நடக்கச் சொன்னா." பத்து வயசுப் பையன், ஸ்கூல் ஷூவோடு வந்திருந்தான். அவனோடு நடந்த அந்த மாதங்களில்தான் அவன் எந்த வகுப்பில் படிக்கிறான், எந்த டீச்சரைப் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. அதனால் புதிதாக வருகிறவரிடம் முதலிலேயே சொல்கிறேன்: வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள். நம்பச் சொல்லி அவர்களைக் கேட்காதீர்கள், கூட நடக்கட்டும்.

குடியை விடுவதற்கு உடற்பயிற்சியைத் துணையாக்கும் இந்தப் பாதையை மும்பையில் வெகுகாலம் முன்பே போட்டவர் பாதிரியார் ஜோ பெரேரா. குடிநோயிலிருந்து மீண்டவர், பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவர். 1981இல் பாந்த்ராவில் அவர் தொடங்கிய கிருபா ஃபவுண்டேஷனில் கூட்டு ஆலோசனையோடு ஐயங்கார் முறை யோகாவும் சிகிச்சையின் பகுதி. 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த முறையில் நாற்காலி, தலையணை, கயிறு, சுவர் எல்லாவற்றின் துணையும் உண்டு. தேய்ந்த உடம்பைக் கசக்காமல் தாங்கி வைப்பார்கள். இந்த யோகா பழகிய நண்பர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித்தந்தது மிக எளிது: சுவரோரம் படுத்து, இரண்டு காலையும் சுவர்மேல் நீட்டி, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டு கிடப்பது. குடியை விட்டவனுக்கு மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது. படுக்கும் முன் இப்படிக் கிடந்தால் எனக்கு நெஞ்சுப் படபடப்பு இறங்கும். கண் அழுத்தமோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மழைக்காலம் எங்களுக்குச் சோதனை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பார்க்சைட் படிகள் பாசி பிடித்து வழுக்கும். 2021 ஜூலையில் விக்ரோலி சூர்யா நகரில் சரிவு மண் வீடுகள்மேல் சரிந்து உயிர்கள் போனதைப் பார்த்தவர்கள், கனமழையில் ஏற்றத்தில் ஏற மாட்டார்கள். அந்த நாட்களிலும் 7 மணியைக் காலியாக விடக் கூடாது. பத்துக்குப் பத்து அறையிலும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரலாம், சுவரில் கை வைத்துத் தண்டால் எடுக்கலாம். ஒரு போனை ஸ்பீக்கரில் போட்டு மூன்று வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் செய்வோம். தனியாகச் செய்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவோம் என்று எங்களுக்குத் தெரியும்.

இளவட்டங்கள் ஜிம்முக்குப் போகிறார்கள். போகட்டும், ஆனால் இரண்டைக் கவனிக்கச் சொல்வேன். முதலாவது, டப்பாவில் விற்கும் பவுடர், ஊசி. ஏற்கெனவே அடிபட்ட கல்லீரல்மேல் ஸ்டீராய்டைப் போடுவது தற்கொலைக்குச் சமம். இரண்டாவது, ஒன்றை விட்ட வெறி அப்படியே இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். முழங்கால் வீங்கியும் ஓடுகிறவன், ஒருநாள் போகாவிட்டால் வீட்டில் எரிந்து விழுகிறவன், இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். வாரத்தில் ஓய்வு நாள் அவசியம். அந்த ஓய்வு நாளை ஏ.ஏ. கூட்டம் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வெறுமையாகக் கிடக்காது.

சம்பள நாள், ஹோலி, ஊர்க் கோயில் கொடை. மூன்றும் கண்டம். சம்பளத்தன்று பணம் நேரே வீட்டம்மா கணக்குக்குப் போய்விட வேண்டும், நடையில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். திருநெல்வேலிக்குக் கொடைக்குப் போகும்போது "மும்பைக்காரன் வந்துட்டான்" என்று மச்சினன்மார் பாட்டிலோடு காத்திருப்பார்கள். அங்கேயும் சாயங்காலத்தில் நடக்க ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறேன்.

2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, இந்தியாவில் குடியால் சிக்கலில் இருப்பவர்கள் 5.7 கோடி என்றது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார். மீதி 37 பேர் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க 14446 என்ற இலவச உதவி எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள். நாடு முழுவதற்குமான போதை மீட்பு எண் அது.

கடைசியாக, சறுக்கி விழுந்தவர்களைப் பற்றி. அமெரிக்காவில் ஸ்காட் ஸ்ட்ரோட் 2006இல் தொடங்கிய 'தி ஃபீனிக்ஸ்' என்ற அமைப்பு, மீள்கிறவர்களுக்கு இலவசமாக உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறது. உள்ளே வர அவர்கள் கேட்கும் கட்டணம், 48 மணி நேரம் குடிக்காமல் இருப்பது. நல்ல விதிதான். ஆனால் எங்கள் சாலில் அது நடக்காது என்று பட்டது. விழுந்தவன் வெட்கத்தில் ஒருமுறை விலகினால் அப்புறம் சந்துக்குள் நம்மைப் பார்த்தாலே திரும்பிப் போய்விடுகிறான். அதனால் நாங்கள் வைத்திருப்பது வேறு. இன்று குடித்திருந்தால் இன்று நடக்க வேண்டாம், தண்ணீர் கொடுத்து உட்கார வைப்போம், வீட்டில் கொண்டுபோய் விடுவோம். நேற்றுக் குடித்துக் கை நடுங்கினால் டாக்டரிடம் கூட்டிப்போவோம், நடை பிறகு. டாக்டர் சரி சொன்ன அன்றைக்கே சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் இரண்டு பேர் போய் நிற்போம். எத்தனை நாள் தாக்குப்பிடித்தாய் என்று கேட்பதில்லை. "ஷூ எங்கல வச்சிருக்க?" என்றுதான் கேட்போம்.