மின்னஞ்சலில் வரும் பொய்க் கடிதங்கள்

சென்ற தை மாதத்தில், கல்வராயன் மலையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மரவள்ளி பயிரிடும் குடியானவர் ஒருவர் வெள்ளிமலைக்கு வந்து நம்மைக் கண்டார். கிழங்கு விற்று வங்கியில் இட்டு வைத்திருந்த 41,000 ரூபாய் ஒரே இரவில் மறைந்துவிட்டது என்றார். பிரதம மந்திரி கிசான் திட்டத் தவணை நிறுத்தப்பட்டுள்ளதாகவும், கூடவே அனுப்பியுள்ள செயலியைப் பதிந்து விவரங்களைச் சரிபார்த்தால் மீண்டும் கிடைக்கும் என்றும் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. "அச்செய்தியைக் காட்டுங்கள், பெரியவரே" என்றோம். ஊரார் நகைப்பார்கள் என்று அஞ்சி அதை அழித்துவிட்டதாகச் சொன்னார். பணம் போய் நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்த நான்கு நாட்களேயாகும்.

மின்னஞ்சல் என்பது பட்டணத்தாருக்கும் அலுவலகங்களுக்கும் உரியது, நமக்கு அதில் என்ன வேலை என்று குடியானவர் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவருள் பெரும்பாலோருக்கு மின்னஞ்சல் பெட்டி ஒன்று உண்டு. கைப்பேசி வாங்கிய அன்றே, அதில் செயலிகளை இறக்கும்பொருட்டு, கடைக்காரப் பையன் கூகுள் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்திருப்பான். அதன் கடவுச்சொல் வீட்டிலுள்ளோர் ஒருவருக்கும் தெரியாது, அப்பையனுக்குத் தெரியும். நிலப்பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் விட்டு வருவதற்கு இது ஒப்பாகும். இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர்கள், முதற்காரியமாகத் தத்தம் வீட்டுக் கைப்பேசியிலுள்ள அக்கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வார்களாக.

கேளாமலே பலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் வழக்கம் கணினிகளில் பழமையானது. 1978-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி அமெரிக்காவில் கணினி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 முகவரிகளுக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுவே இவ்வகைக் கடிதங்களுள் முதலாவது எனக் கூறுவர். அது வெறும் விளம்பரம். பின்னர் வந்தவர்கள் அதே வழியைத் திருட்டுக்குப் பயன்படுத்தினர். கடிதம் அனுப்ப ஏறக்குறையச் செலவே இல்லை. ஆதலால் லட்சம் பேருக்கு அனுப்பிப் பத்துப் பேர் அகப்பட்டாலும் அவர்களுக்கு இலாபமே. வெளிநாட்டுச் செல்வர் கோடி ரூபாய் விட்டுச் சென்றார் என்பது போன்ற நம்பமுடியாத கதைகளை எதற்காக எழுதுகிறார்கள் என்று நாம் வியந்ததுண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்து ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-ல் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். அக்கதையை நம்பாதவர் முதலிலேயே விலகிவிடுவர். நம்புகிறவர் மட்டுமே மறுமொழி எழுதுவர். மோசக்காரனுக்கு வேலை மிச்சமாகிறது. முறத்தில் புடைத்துப் பதரை நீக்குவது போன்ற தந்திரம் இது.

இக்காலத்தில் எழுத்துப் பிழையைக் கொண்டு பொய்க் கடிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருத்தல் கூடாது. பிழையற்ற தமிழில் எழுதித்தரும் கணினிப் பொறிகள் எவர் கைக்கும் எட்டிவிட்டன. அரசு முத்திரையையும் அதிகாரியின் படத்தையும் எடுத்து ஒட்டுவதும் எளிது. பார்க்க வேண்டியது கடிதத்தின் அழகையன்று, அனுப்பியவரின் முகவரியையே.

முகவரியை வாசிக்கும் முறையைச் சற்று விளக்குவோம். வெள்ளிமலை என்று சொன்னால் நமக்கு நம் மலைமேல் உள்ள ஊர் நினைவுக்கு வரும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெள்ளிமலை என்று ஓர் ஊர் உண்டு. எந்த வெள்ளிமலை என்பதைத் தபால்காரர் மாவட்டத்தின் பெயரைக் கண்டே அறிகிறார். கணினி முகவரியும் அவ்வாறே. அதனை வலப்பக்கத்து முனையிலிருந்து வாசிக்க வேண்டும். மத்திய மாநில அரசு அலுவலகங்களின் முகவரிகள் பெரும்பாலும் ஜி, ஓ, வி என்ற மூன்று எழுத்துகள், ஒரு புள்ளி, பின் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளுடன் முடிவுறும். சில, என், ஐ, சி, புள்ளி, ஐ, என் என்று முடியும். 'கிசான்' என்றும் 'தமிழ்நாடு அரசு' என்றும் முன்னால் எதை வேண்டுமானாலும் ஒருவன் சேர்த்துக்கொள்ளலாம். அரசு முடிவுபோல் தோன்றும் எழுத்துகளை நடுவில் வைத்து, அதன் பின் வேறொரு சொல்லையும் புள்ளியையும் சேர்த்து ஏமாற்றுவோரும் உளர். கடைசியில் நிற்பதுதான் மாவட்டம். மற்றவை அழைக்கும் பெயர்களே. அரசு அலுவலகங்கள் சிலவே தனியார் முகவரிகளிலிருந்து கடிதம் விடுத்து வந்திருக்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அது நம் பக்கத்துக் குறை. அதனால் மக்களுக்கு மயக்கம் உண்டாகிறது. ஐயம் எழுந்தால், கடிதத்தில் கண்ட எண்ணுக்கன்றி, முன்பே தெரிந்த அலுவலக எண்ணுக்குப் பேசிக் கேட்பதே தக்கது.

முகவரிக்கு அடுத்தபடி, கடிதம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கிசான் திட்டம் 2019-ல் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், தவணைக்கு 2,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கிலேயே சேரும். அதற்காக வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. இப்பெயரிலான போலிச் செயலியைக் குறித்துத் தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு 2024-ல் எச்சரிக்கை விடுத்தது. அத்தகைய செயலி, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. அனுமதி கொடுத்தபின் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் நம் கண்ணில் படுமுன்னரே திருடனிடம் போய்ச் சேர்கிறது. நம் மரவள்ளிக் குடியானவர் ஒருவரிடமும் எண்ணைச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் கூறியது உண்மைதான். சொன்னது அவருடைய கைப்பேசி.

கடவுச்சொல்லைப் பிறரிடம் விடுவதால் விளையும் கேட்டினைப் படிக்காதவரின் பிழை என்று தள்ளிவிட இயலாது. நம் மாவட்டத்தின் அனுபவமே அதற்குச் சான்று. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மறு ஆண்டே, கொரோனா ஊரடங்குக் காலத்தில், இதே கிசான் திட்டத்தில் பெருமோசடி வெளிப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் விவசாயிகளல்லாதோர் லட்சக்கணக்கில் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். தமிழகம் முழுவதிலும் சுமார் 110 கோடி ரூபாய் தகுதியற்றோர் கணக்குகளுக்குச் சென்றதாக 2020 செப்டம்பரில் அரசு தெரிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடைபெற்றது. பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் அளிக்க வேளாண் துறை அலுவலர்களுக்குத் தரப்பட்டிருந்த கடவுச்சொற்கள் இடைத்தரகர்களின் கைக்குப் போயிருந்தன, அவ்வளவே. அதன்பின் பணம் திரும்பப் பெறப்பட்டது. தரகனுக்குக் கூலி கொடுத்துத் தம் பெயரைப் பதிந்த ஏழைகள், கூலியையும் இழந்து, வந்த தவணையையும் திருப்ப நேர்ந்தது. பட்டா இல்லாதவரிடம் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எவனேனும் இன்றும் வருவானாயின், அந்த ஆண்டை அவனுக்கு நினைவூட்டலாம்.

பஞ்சாயத்துகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பணம் வழங்கத் தலைவரின் மின்னணுக் கையொப்பக் கருவி வேண்டும். விரலளவுள்ள அக்கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் கணினி மையத்திலேயே விட்டுச் செல்வோரை நாம் கண்டிருக்கிறோம். அது எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்ததற்குச் சமம். மற்றொன்று: குழாய், சிமெண்டு முதலியன வழங்கும் வணிகரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் செலுத்துக" என்று மின்னஞ்சல் வருமானால், அவரை நேரில் கண்டோ, பழைய எண்ணில் பேசியோ உறுதி செய்யாமல் பட்டியலைத் தீர்க்கலாகாது. வணிகரின் பெட்டியே திருடன் வசம் இருக்கக்கூடும். அப்போது முகவரியும் சரியாகவே காணப்படும்.

இவ்வளவுக்குப் பின்னும் பணம் போய்விடுமாயின், காலம் ஒன்றே மருந்து. 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். திருடன் பணத்தை வேறு கணக்குகளுக்கு மாற்றுமுன் வங்கிகள் அதைத் தடுத்து வைக்க முயலும். வங்கிக்கும் தனியே அறிவித்து, புகார் எண் பெற்றுக்கொள்க. வாடிக்கையாளர் தாமே இரகசியத்தைத் தந்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்கு அறிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. ஆகவே அறிவிக்கும் நேரமே முக்கியம்.

மலையில் பல குக்கிராமங்களில் கைப்பேசிக்குச் சைகை கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். அவ்வூரார் சைகை உள்ள இடத்திற்கு வந்து பேசலாம். அல்லது கரியாலூர் காவல் நிலையத்திற்கு நேரே செல்லலாம். வங்கிப் புத்தகமும், பணம் போன நேரமும், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியும் கையில் இருக்கட்டும். எழுத இயலாதவருக்குப் பஞ்சாயத்துச் செயலர் புகார் எழுதித் தரலாம். வந்த பொய்ச் செய்தியை மட்டும் அழிக்க வேண்டாம். அதிலுள்ள எண் இல்லாமையால், நம் மரவள்ளிக் குடியானவரின் புகாரில் "அனுப்பியவர்" என்ற கட்டத்தை வெறுமையாகவே விட நேர்ந்தது.